‘எல்லாத்துக்கும் யூதன்தான் காரணம்’ என்பவரிடம் என்ன பேசுவது?

கேட்டவர் லண்டனில் வேலை பார்க்கும் தமிழர். அலுவலகத்திலும் உறவினர் வாட்ஸ்அப் குழுக்களிலும் யூதர்களைப் பற்றிய கேவலமான பேச்சு கூடிவிட்டது என்கிறார். காசாவில் நடப்பதைக் கண்டித்து ஊர்வலம் போனவர் அவர். அதனாலேயே இப்போது வாயைத் திறந்தால் கட்சி மாறிவிட்டான் என்று சொல்வார்களோ என்று தயங்குகிறார். எப்படிப் பேசுவது, எங்கே புகார் செய்வது என்பது கேள்வி.

சுருக்கமான பதில்: சொல்லப்பட்ட அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துப் பேசுங்கள். மத்தியக் கிழக்கு அரசியலுக்குள் இழுத்தால் போகாதீர்கள். காசா பற்றிய உங்கள் நிலைப்பாட்டை மாற்ற வேண்டியதில்லை, அதற்காக யாரிடமும் சமாதானம் சொல்லவும் வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் பேசினால்தான் அந்தக் குழுவில் எடுபடும். இஸ்ரேல் ஆதரவாளர் ஒருவர் இதையே சொன்னால் ‘அவன் அப்படித்தான் பேசுவான்’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பிரச்சினையின் அளவு தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் யூத வெறுப்புச் சம்பவங்களைப் பதிவு செய்யும் ‘கம்யூனிட்டி செக்யூரிட்டி டிரஸ்ட்’ (சி.எஸ்.டி.) 2022-இல் 1,662 சம்பவங்களைப் பதிந்தது. 2023-க்கான அறிக்கையில் அது 4,103 ஆனது, 2024-க்கு 3,528. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யூதர்கள் சுமார் 2,71,000 பேர்தான் (2021 மக்கள்தொகைக் கணக்கு), அதாவது நூற்றுக்கு அரை. ஜெர்மனியில் இதே வேலையைச் செய்யும் ‘ரியாஸ்’ அமைப்பு 2024-க்குக் காட்டிய எண்ணிக்கை 8,627. இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம், பிரிட்டனில் எண்ணிக்கை ஏறியது ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7-ஆம் தேதியே. இஸ்ரேலின் தரைப்படை காசாவுக்குள் நுழைந்தது அந்த மாதக் கடைசியில். ஆகவே ‘காசாவைப் பார்த்து வந்த கோபம்’ என்ற விளக்கம் முழுவதையும் விளக்காது. யூதர்கள் கொல்லப்பட்ட செய்தியே சிலருக்குக் கிளர்ச்சி தந்திருக்கிறது. 2025 அக்டோபர் 2, யூதர்களின் மிகப் புனித நாளான யோம் கிப்பூர் அன்று மான்செஸ்டர் ஹீட்டன் பார்க் தொழுகைக்கூடத்தில் நடந்த தாக்குதலில் இருவர் இறந்தார்கள். அதில் ஒருவர், கொலையாளி உள்ளே வராதபடி கதவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் சுட்ட குண்டு பட்டு இறந்தவர்.

சரி, எது விமர்சனம், எது வெறுப்பு? ஒரு சின்னச் சோதனை உண்டு. வாக்கியத்தில் ‘யூதர்கள்’ என்றோ, இப்போது பலர் கவனமாகப் போடும் ‘சயனிஸ்டுகள்’ (யூதர்களுக்கென ஒரு நாடு வேண்டும் என்பவர்கள்) என்றோ இருக்கும் இடத்தில் ‘இஸ்ரேல் அரசு’ என்று போட்டு வாசியுங்கள். ‘உணவு லாரிகளைத் தடுத்தார்கள்’ என்ற வாக்கியம் அப்போதும் நிற்கும். ஆதாரம் வைத்து வாதிடலாம். ‘உலக வங்கிகளும் ஹாலிவுட்டும் அவர்கள் கையில்’ என்பதில் ‘இஸ்ரேல் அமைச்சரவை’ என்று போட்டால் உளறலாகிவிடும். அந்த வாக்கியம் முதலிலிருந்தே ஓர் அரசைப் பற்றியதல்ல. அது நூறாண்டுக்கு மேல் பழையது, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சோதனை படங்களைப் பிடிக்காது. கேலிச்சித்திரத்தில் இஸ்ரேல் பிரதமரைத் திட்டுவது வேறு. அவரையே வளைந்த மூக்கோடு குழந்தை ரத்தம் குடிப்பவராகவோ, பூமி உருண்டையைச் சுற்றிய ஆக்டோபஸாகவோ, தலைவர்களை நூல் கட்டி ஆட்டுபவராகவோ வரைந்தால் கதை வேறு. யூதர்கள் சடங்குக்காகக் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்ற பழி 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நாரிச் நகரத்தில் 1144-இல் இறந்துகிடந்த ஒரு சிறுவனை வைத்துக் கிளம்பியது. போலந்தின் கீல்ஸே நகரில் 1946 ஜூலை 4 அன்று, நாஜி முகாம்களிலிருந்து தப்பி வந்திருந்தவர்கள் உட்பட 42 யூதர்களைக் கூட்டம் கொன்றதற்கும் ஒரு சிறுவனைக் கடத்தியதாகப் பரவிய பொய்தான் காரணம். வரைந்தவருக்கு இந்த வரலாறு தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் வரைந்தாலும் படம் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே ‘நீ யூத வெறுப்பாளன்’ என்று ஆளைச் சொல்லாமல் ‘இந்தப் படம் எங்கிருந்து வருது தெரியுமா?’ என்று படத்தைச் சொல்லுங்கள்.

விளக்கம் கேட்டால், சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவுக் கூட்டமைப்பு 2016-இல் ஏற்ற யூத வெறுப்பு வரையறை ஒன்று இருக்கிறது. அதில் 11 எடுத்துக்காட்டுகள், அவற்றில் 7 இஸ்ரேலைத் தொட்டவை. மற்ற நாடுகளை விமர்சிப்பதுபோல் இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அதை எழுதியவர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்துவதை எதிர்க்கிறார். மறுபக்கம் 2021-இல் வந்த ஜெருசலேம் பிரகடனம், இஸ்ரேலைப் புறக்கணிக்கும் போராட்டம் மட்டுமே யூத வெறுப்பு ஆகிவிடாது என்கிறது. உறவினர் குழுவில் இந்த இரண்டில் எதையும் எடுத்துப் போடாதீர்கள். பேச்சு வரையறைச் சண்டையாக மாறி, முதலில் சொன்ன பொய் தப்பித்துப் போய்விடும்.

இனி வாட்ஸ்அப். தமிழ்க் குழுக்களில் அடிக்கடி சுற்றுவது ஹிட்லர் சொன்னதாக ஒரு வாசகம்: ‘எல்லா யூதர்களையும் கொன்றிருப்பேன், ஏன் கொன்றேன் என்று உலகம் புரிந்துகொள்ளச் சிலரை மட்டும் விட்டுவைத்தேன்.’ ஹிட்லர் இதைச் சொன்னதாக எந்த உரையிலும் ஆவணத்திலும் இல்லை. அதைவிட முக்கியம், இது நடந்ததற்கு நேர் எதிரானது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் அருகே வான்ஸேயில் கூடிய நாஜி அதிகாரிகள், கொல்ல வேண்டிய யூதர்கள் எத்தனை பேர் என்று நாடு நாடாகப் போட்ட பட்டியல் இன்றும் இருக்கிறது. மொத்தம் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். ஜெர்மனி பிடிக்காத இங்கிலாந்துக்கு 3,30,000, நடுநிலையாக இருந்த ஸ்விட்சர்லாந்துக்கு 18,000, அயர்லாந்துக்கு 4,000, அல்பேனியாவுக்கு வெறும் 200. இருநூறு பேரைக்கூட எண்ணி எழுதியவர்கள் யாரையும் விட்டுவைக்கத் திட்டமிடவில்லை. பதிலாக இவ்வளவு போதும்:

‘மாமா, அந்த வாசகம் ஹிட்லர் எங்கயும் சொன்னதா ஆதாரம் இல்ல. 1942-ல அவங்க போட்ட கொலைப் பட்டியல்ல அல்பேனியாவுல இருந்த 200 பேர்கூட இருக்காங்க. ஒருத்தரையும் விடுற எண்ணமே இல்ல. இதை எடுத்துடுங்களேன்.’

மூன்று நான்கு வரி, ஒரு தகவல், ஒரு வேண்டுகோள். அனுப்பியவர் பெரியவராக இருந்தால் முதலில் தனியாக எழுதுங்கள். குழுவில் எல்லார் முன்னாலும் திருத்தினால் மானப் பிரச்சினையாகி அதையே மேலும் பிடித்துக்கொள்வார். அவர் எடுக்காவிட்டால் குழுவில் ஒருமுறை போடுங்கள். அது அவருக்காக அல்ல, பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக. இரண்டாவது சுற்றுக்குமேல் வாதாடாதீர்கள். பத்தாவது பதிலில் யார் ஜெயித்தாலும் அந்தப் பொய்ப்படம் பத்துமுறை மேலே வந்திருக்கும்.

ராத்ஸ்சைல்ட் என்ற யூத வங்கிக் குடும்பம், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை வைத்து லண்டன் பங்குச் சந்தையையே விழுங்கியது என்பது அடுத்தது. போர் நடந்தது 1815 ஜூன் 18. நாதன் ராத்ஸ்சைல்ட் போர்க்களத்தில் நின்று பார்த்துவிட்டுப் புயலில் கடல் கடந்து ஓடிவந்ததாகக் கதை. அவர் அன்று லண்டனில்தான் இருந்தார். 31 ஆண்டுகள் கழித்து, 1846-இல், பாரீஸில் ‘சாத்தான்’ என்ற புனைபெயரில் வந்த ஒரு துண்டுநூல்தான் கதையைப் பரப்பியது. 1940-இல் நாஜிகள் அதைப் படமாகவே எடுத்தார்கள். இதைவிடப் பெரிய பொய், உலகை ஆள யூதர்கள் போட்ட ரகசியத் திட்டம் என்று சொல்லப்படும் ‘சீயோன் மூத்தோரின் நெறிமுறைகள்’. 1903-இல் ரஷ்யச் செய்தித்தாள் ஒன்றில் வந்தது. 1921 ஆகஸ்டில் லண்டன் ‘டைம்ஸ்’ நிருபர் பிலிப் கிரேவ்ஸ், அதன் பத்திகள் 1864-இல் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து மோரிஸ் ஜோலி எழுதிய பிரெஞ்சு நூலிலிருந்து திருடப்பட்டவை என்று வரிக்கு வரி வைத்துக் காட்டினார். அந்த மூலநூலில் யூதச் சதி என்ற பேச்சே இல்லை. யாராவது ‘ரகசிய ஆவணம்’ என்று அனுப்பினால் பெரும்பாலும் இதன் பேரன்தான். ‘இதை முதலில் யார், எந்த வருஷம் சொன்னாங்க?’ என்ற கேள்வி ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

புகழ்ச்சியையும் விடாதீர்கள். யூதத் தாய்மார்கள் கர்ப்பகாலத்தில் கணக்குப் போடுவார்கள், அதனால்தான் பிள்ளைகள் பணத்திலும் மூளையிலும் உலகை ஆள்கிறார்கள் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அனுப்புகிறவர் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார். 2006-இல் பாரீஸில் இலான் ஹலிமி என்ற 23 வயது இளைஞரை ஒரு கும்பல் கடத்தியது, ‘யூதன் என்றால் பணம் இருக்கும், இல்லாவிட்டால் அவர்கள் சமூகம் கொடுக்கும்’ என்ற நம்பிக்கையில். அவர் செல்போன் கடையில் விற்பனையாளர். குடும்பத்திடம் பணம் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் சித்திரவதை செய்து கொன்றார்கள். அதே காரணத்தால், வெறுப்புக்குப் பதிலாக நோபல் பரிசு வாங்கிய யூதர்களின் பட்டியலை எடுத்துப் போடுவதும் வேலைக்காகாது. ‘அவர்கள் நம்மைப்போன்ற மனிதர்கள் இல்லை’ என்ற அடிப்படையை அது அப்படியே ஒப்புக்கொள்கிறது.

‘இங்கே இருக்கிற யூதர்கள் ஏன் கண்டிக்கவில்லை?’ என்று கேட்பார்கள். ஈழத்தமிழர் இருக்கும் குழுவில் இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டதற்குக் கொழும்பில் கடை வைத்திருந்தவரிடம்தான் கணக்குக் கேட்டார்கள். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் யூதரிடம் காசாவுக்குக் கணக்குக் கேட்பதும் அதே நியாயம்தான்.

இங்கே தவறிப்போகிற வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, யூதர் ஒருவர் புகார் சொன்னால் ‘இஸ்ரேலைக் காப்பாற்றச் சொல்கிறார்’ என்று உடனே தள்ளிவிடுவது. பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2020 அக்டோபரில் தொழிற்கட்சி பற்றி வெளியிட்ட அறிக்கை, புகார்களைப் போலி என்றும் அவதூறு என்றும் ஒதுக்கிப் பேசியதையே சட்டவிரோதத் துன்புறுத்தலின் பகுதியாகக் கணக்கில் எடுத்தது. மற்றது, யூதர்களுக்காகப் பேசுகிறேன் பேர்வழி என்று முஸ்லிம்கள்மேல் பாய்வது. நம் குழுக்களில் இது சர்வசாதாரணம், அதற்கு நீங்கள் துணைபோனால் உங்கள் பேச்சுக்கு மதிப்பே இராது. 2015 ஜனவரியில் பாரீஸில் கோஷர் (யூத உணவு விதிப்படி விற்கும்) கடைத் தாக்குதலில் வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளக் குளிர்பதன அறைக்குள் மறைத்தது அங்கே வேலை செய்த மாலி நாட்டு முஸ்லிம், லஸானா பதிலி. அடுத்த மாதம் ஆஸ்லோவில் முஸ்லிம் இளைஞர்கள் அழைப்பு விடுத்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தொழுகைக்கூடத்தைச் சுற்றி நின்றார்கள்.

அலுவலகத்துக்கு வருவோம். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் யூதர்களுக்கு இனம், மதம் என்ற இரண்டு வகையிலும் பாதுகாப்பு உண்டு. அதன் 26-ஆம் பிரிவின்படி, ஒருவரின் கண்ணியத்தைக் குலைக்கும் அல்லது சூழலை அவமானகரமாக்கும் பேச்சு துன்புறுத்தல். புகார் செய்பவர் யூதராக இருக்கத் தேவையில்லை; விஷவாயு ஜோக்கைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருந்த நீங்களும் செய்யலாம். அந்த இடத்தில் பேச ஒரு வாக்கியம் போதும்: ‘அது யூதர்களைப் பற்றிய ஜோக், எனக்கு வேண்டாம்.’ சிரிக்காமல் சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்குத் திரும்புங்கள். அன்றைக்கே தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், யார் யார் இருந்தார்கள் என்று எழுதித் தனி மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதைவிட அதற்கு மதிப்பு அதிகம். மேலாளர், மனிதவளத் துறை, தொழிற்சங்கம் என்று போகலாம். தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான கால வரம்பு மிகக் குறுகியது (நெடுங்காலமாக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்று இருந்து வந்தது), ஆகவே உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல் பணித் தகராறுகளுக்கு ஆலோசனை சொல்லும் ‘ஏகாஸ்’ (Acas) அமைப்பிடம் இப்போதைய வரம்பைக் கேட்டுவிடுங்கள்.

யூதச் சக ஊழியரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பலரும் ஒன்றுமே சொல்வதில்லை. ‘செய்தி பார்த்தேன், எப்படி இருக்கீங்க?’ என்பது போதும். பின்னாலேயே ‘ஆனாலும் காசாவில்…’ என்று ஒட்டாதீர்கள். அவருடைய கருத்து உங்களுடையதாகவே இருக்கலாம், எதிராகவும் இருக்கலாம்; நலம் விசாரிப்பதற்கு அது நுழைவுச்சீட்டு இல்லை. மதநெறிப்படி வாழ்பவர்கள் வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை போனைத் தொடமாட்டார்கள். பதில் வரவில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெருவில், பேருந்தில் நடந்தால்: லண்டனில் யூதர்கள் அதிகம் வாழும் ஸ்டாம்ஃபோர்ட் ஹில், ஹெண்டன் பக்கம் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாகப் போகிறவர்கள்மேல்தான் ஓடும் காரிலிருந்து கத்துவது, முட்டை எறிவது எல்லாம் விழும். கத்துகிறவனிடம் நேராக மோதுவது கடைசி வழி. முதலில் கத்து வாங்குகிறவர் பக்கத்தில் போய் நின்று, நேரம் கேளுங்கள், அடுத்த நிறுத்தம் எது என்று கேளுங்கள். கத்துகிறவனுக்கு எதிராளி கிடைக்காமல் போகும். இன்னொருவர் ஓட்டுநரிடம் சொல்லட்டும். வேறு யாராவது அவருக்கு உதவிக்கொண்டிருந்தால் மட்டும் படம் எடுங்கள், தள்ளி நின்று, தெருப்பெயர்ப் பலகையோ பேருந்து எண்ணோ தெரியும்படி. நேரலை போடாதீர்கள். படத்தைப் பாதிக்கப்பட்டவரிடம் கொடுத்து என்ன செய்ய விரும்புகிறார் என்று கேளுங்கள். அவர் முகம் ஊரெல்லாம் பரவுவது இரண்டாவது அவமானமாகிவிடும். ஆபத்து என்றால் 999, முடிந்துபோனது என்றால் 101, ரயிலில் என்றால் பிரிட்டிஷ் போக்குவரத்துப் போலீஸுக்கு 61016-க்குக் குறுஞ்செய்தி. பேருந்தின் தட எண்ணும் நேரமும் இருந்தால் கேமராப் பதிவைத் தேடி எடுக்கலாம். அந்தப் பதிவுகளை நீண்ட நாள் வைத்திருக்கமாட்டார்கள், அன்றே சொல்லுங்கள்.

இணையத்தில் வரிசை முக்கியம்: முதலில் சேமிப்பு, பிறகு புகார். தளம் பதிவை நீக்கிவிட்டால் சாட்சியும் போய்விடும். படம்பிடிக்கும்போது கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரிய முழுத் திரையையும் எடுங்கள், வெட்டாதீர்கள். அந்தப் பதிவின் தனி முகவரியையும் நகலெடுங்கள், கணக்கின் முகப்பு முகவரி மட்டும் போதாது. 88 (‘ஹெய்ல் ஹிட்லர்’), 109 (யூதர்களை 109 இடங்களிலிருந்து விரட்டினார்கள் என்ற வெறுப்புப் பேச்சு) போன்ற எண்களும், ‘இவர் யூதர்’ என்று சுட்டப் பெயரைச் சுற்றிப் போடும் மூன்றடுக்கு அடைப்புக்குறியும் குறியீடுகள். புகாரில் அவற்றின் பொருளை ஒரு வரி எழுதுங்கள், பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கொலை மிரட்டல் என்றால் தளத்துக்கு முன் போலீஸ். திட்டி மேற்கோள் காட்டிப் பகிர்வதால் அவருக்கு வாசகர்கள்தான் கூடுவார்கள். ஹோலோகாஸ்ட் மறுப்பு ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 130-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம், பிரான்ஸிலும் குற்றம். பிரிட்டனில் அது தனிக் குற்றமாக இல்லை. ‘மறுக்கிறார்’ என்று மட்டும் எழுதாமல், யாரை எப்படி மிரட்டியது, தூண்டியது என்று எழுதினால்தான் நகரும்.

ஊராகச் சேர்ந்து செய்வதற்கு நல்ல முன்மாதிரி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து பில்லிங்ஸ். 1993 டிசம்பரில், யூதப் பண்டிகையான ஹனுக்காவுக்கு விளக்கு வைத்திருந்த ஒரு சிறுவனின் அறை ஜன்னலில் கல் எறிந்தார்கள். உள்ளூர்ச் செய்தித்தாள் அந்த விளக்கின் படத்தை முழுப்பக்கம் அச்சிட்டது. ஏறக்குறைய 10,000 வீடுகள் அதை ஜன்னலில் ஒட்டின. ஒட்டிய சில வீடுகளையும் தாக்கினார்கள், அப்போதும் எண்ணிக்கை கூடியது. அதற்கு முன்பே, பழங்குடிப் பெண் ஒருவர் வீட்டில் வெறுப்பு வாசகம் எழுதப்பட்டபோது பெயின்டர் சங்கத்தார் போய் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் இதுவும் நடந்தது என்று நினைக்கிறேன். கண்டன அறிக்கையில் கையெழுத்து வாங்குவதைவிட, எல்லார் ஜன்னலும் ஒரே மாதிரி இருப்பது கல் எறிபவனுக்குக் குறியைக் குழப்பும்.

கடைசியாகப் போலீஸ் வாக்குமூலம். நம்மவர்கள் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். கூச்சத்தால் ‘யூதர்களைப் பற்றி மோசமாகத் திட்டினார்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 2020 தண்டனைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி, இன, மத வெறுப்பு நிரூபணமானால் நீதிமன்றம் குற்றத்தைக் கூடுதல் கடுமையானதாகக் கருதியே ஆக வேண்டும். அந்த வெறுப்புக்குப் பெரும்பாலும் இருக்கும் ஒரே சாட்சி அவன் வாயிலிருந்து வந்த சொற்கள். ஆகவே கெட்ட வார்த்தை உட்பட, ஆங்கிலத்தில் கேட்டதைக் கேட்டபடி, அடிப்பதற்கு முன்னா பின்னா சொன்னான் என்பதோடு எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குற்றப் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் அதே விவரத்தை சி.எஸ்.டி.-க்கும் அனுப்புங்கள்.